1955 சென்ட், கடைசி 5 இரட்டையாகத் தெரிகிறது: டபுள் டையா, தேய்மானமா?

பெட்டிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் பல நாட்டுக் காசுகள் நானூறுக்குக் குறையாமல் கிடக்கின்றன. நேற்று அதைக் கிளறியபோது 1955-ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் அகப்பட்டது. ஆண்டின் கடைசி 5 மட்டும் நிழல் விழுந்ததுபோல் இரண்டாகத் தெரிகிறது. 1955 டபுள் டை (உருவம் இரட்டையாகப் பதிந்த அச்சில் அடித்த காசு) பற்றி முன்பே படித்திருந்ததால் இரவு முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். அளவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் ஓர் ஐந்து சென்ட் காசை வைத்தேன். அது ஓரம் உடைந்த காசு, அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

தேய்ந்தவிளிம்பு

கடைசி 5 மட்டுமா? அதற்கு முந்தைய 5 எப்படி இருக்கிறது? லிபர்ட்டி என்ற சொல்? தலைக்கு மேலே உள்ள வாசகம்? ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள். பாதிக் காசு வெள்ளையாக எரிந்துபோயிருக்கிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து மறுபடி எடுங்கள்.

செம்புக்கிளி

படம் வரும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பி இன்னொரு இரவும் விழித்திருக்க வேண்டாம்.

1955-இன் உண்மையான டபுள் டையைப் பார்க்க உருப்பெருக்கியே தேவையில்லை. நான்கு இலக்கங்களும், லிபர்ட்டியும், மேலே உள்ள வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். பார்ப்பவருக்குத் தம் கண்ணில்தான் கோளாறோ என்று தோன்றும். பின்பக்கத்தில் இரட்டிப்பு எதுவும் இருக்காது. பிலடெல்பியா நாணயச்சாலையிலிருந்து சுமார் 20,000 முதல் 24,000 வரை வெளியே போனதாகக் கணக்கு. சிகரெட் விற்கும் இயந்திரங்களுக்கான பெட்டிகளில், மீதிச் சில்லறையாக உறைக்குள் செருகப்பட்ட சென்ட்கள் வழியாகத்தான் அவற்றில் பலவும் மக்கள் கைக்கு வந்தன.

உங்களிடம் இருப்பது வேறு. அதற்கும் ஒரு பெயர் உண்டு: ‘ஏழையின் டபுள் டை’. அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, கடைசி 5-இல் மட்டும் நிழல். அச்சு தேய்ந்துபோனதால் வந்தது. அந்தக் காலத்தில் இதை விளம்பரம் செய்து விற்றார்கள். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெட்டிக்காரன்

புதிய படங்கள் போட்டிருக்கிறேன். லிபர்ட்டி ஒற்றைதான். மற்ற இலக்கங்களும் ஒற்றைதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அதிலும் 5 இரண்டாகத் தெரிகிறது, இதிலும் 5 இரண்டாகத் தெரிகிறது. ஒன்று பொக்கிஷம், மற்றது குப்பை. இதை யார் முடிவு செய்தார்கள்? விலை சொல்பவர்களின் வசதிக்கு வகுத்த கோடு போலத்தான் தோன்றுகிறது.

அடிமேடை

கேள்வி நியாயமானது. கோட்டை வகுத்தது வியாபாரி இல்லை, இயந்திரம். தகடு அச்சடிக்கும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் நின்றவன் நான். நாணயச்சாலையில் இல்லை, ஆனாலும் அச்சு, வில்லை (அடிபடுவதற்கு முந்தைய வெற்று உலோக வட்டு), அடி என்ற மூன்றின் குணம் எங்கும் ஒன்றுதான்.

காசை அடிப்பது அச்சு. அந்த அச்சில் உருவம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தை உண்டாக்குவது இன்னொரு எஃகுத் துண்டு, அதில் உருவம் மேடாக இருக்கும். ஹப் என்பார்கள், தாய் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகை எஃகால் அழுத்தும்போது ஒரே அழுத்தில் முழு உருவமும் இறங்காது. அழுத்தியதும் எஃகு இறுகிவிடும். அதை எடுத்துச் சூட்டில் இளக்கி, மறுபடி அதே இடத்தில் பொருத்தி, மறுபடி அழுத்த வேண்டும். அந்த ‘அதே இடம்’ இம்மி பிசகினால் அச்சிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். பிறகு அந்த அச்சு அடிக்கும் முதல் காசிலிருந்து கடைசிக் காசு வரை ஒரே மாதிரியான இரட்டிப்பு இருக்கும். டபுள் டை என்பது இதுதான். 1955-இல் இரண்டாவது அழுத்தின்போது அச்சு சற்றே சுழன்ற நிலையில் பொருந்தியிருந்தது. அதனால்தான் இரட்டிப்பு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அகலமாகிக்கொண்டே போகிறது.

உங்கள் காசின் கதை வேறு. அச்சு சரியாகத்தான் பிறந்தது. லட்சக்கணக்கான அடி வாங்கியதில் அதன் எழுத்தோரங்கள் கரைந்துவிட்டன. உலோகம் ஒவ்வோர் அடியிலும் ஓரத்தை நோக்கி வழியும். அந்த வழியல்தான் எழுத்தின் கரையை அரிக்கிறது. அதனால் வரும் நிழல் மங்கலாக, வரம்பில்லாமல் இருக்கும். முதலாவது பிறவிக் குறை, இரண்டாவது மூப்பு.

செம்புக்கிளி

அழகாகச் சொன்னீர்கள் ஐயா. மூன்றாவதாக ஒன்றும் உண்டு, புதியவர்களை மிகவும் ஏமாற்றுவது அதுதான். அடி விழுந்து முடிந்த அந்த நொடியில் தளர்வாகப் பொருத்திய அச்சு சற்றே துள்ளும், அல்லது நழுவும். அப்போது புதிதாக எழுந்த எழுத்தின் ஒரு பக்கத்தை அது வழித்துவிடும். இயந்திர இரட்டிப்பு என்கிறோம். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டு போலத் தட்டையாக, பளபளவென்று, தாழ்வாகத் தெரியும்.

பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றுதான்: எழுத்து பருத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா? டபுள் டையில் இரண்டு முழு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் மொத்த அகலம் கூடும். எழுத்தின் முனைகளில் இரண்டு உருவங்களும் பிரியும் இடத்தில் சிறு பிளவு தெரியும். இயந்திர இரட்டிப்பில் இருந்த எழுத்தையே நசுக்கிப் படியாக்குவதால் மேலே நிற்கும் எழுத்து மெலிந்திருக்கும்.

பார்வையாளன்7

டபுள் டைகள் எல்லாம் பழங்காலத்துச் சரக்கு. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒரே அழுத்தில் அச்சு செய்யும் முறை வந்துவிட்டது. இரண்டாவது அழுத்தே இல்லை என்றால் இரட்டிப்பு எங்கிருந்து வரும்? அதன் பிறகு வந்த காசுகளில் டபுள் டை தேடுபவர்கள் நேரத்தை வீணடிக்கிறார்கள்.

அடிமேடை

காகிதத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். பட்டறையில் அப்படி இல்லை. அழுத்துவதற்கு முன் அச்சு எஃகின் தலை கூம்பு வடிவில் இருக்கும். முதலில் தொடுவது அந்தக் கூம்பின் நுனி, அதாவது உருவத்தின் நடுப்பகுதி. எஃகு சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தால் முதல் தொடுதல் ஓரிடத்தில் பதியும். அழுத்தம் ஏறியதும் நிமிர்ந்துகொண்டு மற்றோரிடத்தில் முழுதாகப் பதியும். அழுத்து ஒன்றுதான், பதிவு இரண்டு. 2009-ஆம் ஆண்டு சென்ட் ஒன்றில் லிங்கன் மரக்கட்டைமேல் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். அவர் கையில் கூடுதல் விரல்கள் தெரியும் அச்சுகள் நிறையவே பட்டியலாகியிருக்கின்றன. ஆகவே பழைய காசில் ஓரத்து எழுத்துகளைப் பாருங்கள், புதிய காசில் நடுப்பகுதியைப் பாருங்கள்.

பார்வையாளன்7

கூம்பு விஷயம் எனக்குத் தெரியாது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தேய்ந்தவிளிம்பு

இந்தக் குழுவில் ஒருவர் ‘திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதியதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பெட்டிக்காரத் தம்பி, அந்த சென்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். லிபர்ட்டியில் பி, ஈ என்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஐ போல ஒரு சின்னக் கோடு மேடாக இருக்கிறதா என்று பாருங்கள். 1950-களின் சென்ட்களில் அந்த இடத்தில் அச்சு சில்லு பெயர்வது வழக்கம்; 1955-இல் நிறைய. விலைக்காகச் சொல்லவில்லை, கண் பழகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெட்டிக்காரன்

பார்த்தேன், இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இன்னொன்று இருக்கிறது. இந்த முறை ஏமாறமாட்டேன் என்று நம்புகிறேன். 1943 சென்ட், செம்பு நிறம். 1943-இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகப் பூச்சிட்ட எஃகில் சென்ட் அடித்தார்கள் என்று படித்தேன். எஃகுக் காசு வெள்ளையாக இருக்க வேண்டும். என்னுடையது செம்பு. படம் இதோ. அழுக்காக இருந்ததால் பல் துலக்கும் பசை போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறேன்.

தேய்ந்தவிளிம்பு

காந்தம் வையுங்கள்.

பசை போட்டுத் தேய்த்த கையைக் கொஞ்ச நேரம் கட்டிவையுங்கள்.

கிராம்கணக்கு

காந்தத்தோடு தராசும் வேண்டும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறிய தராசு போதும். வெண்கல சென்ட் 3.11 கிராம். எஃகு சென்ட் சுமார் 2.7 கிராம். 1943-இல் தவறுதலாக வெண்கல வில்லையில் அடிபட்ட காசுகள் உண்மையிலேயே உண்டு, ஆனால் மிகச் சிலவே. அதனால்தான் போலிகள் மலிந்துவிட்டன. ஒரு வகை, எஃகுக் காசுக்குச் செம்புப் பூச்சு, காந்தத்தில் ஒட்டும். இன்னொரு வகை, 1948 சென்ட்டில் 8-இன் இடப்பக்கத்தைச் செதுக்கி 3 ஆக்கியது. காந்தத்தில் ஒட்டாது, எடையும் சரியாக இருக்கும், அங்கேதான் ஆபத்து. அசலான 1943-இல் 3-இன் வால் மற்ற இலக்கங்களைவிடக் கீழே இறங்கி நிற்கும். செதுக்கிய 8-க்கு அந்த வால் வராது.

பெட்டிக்காரன்

ஒட்டிக்கொண்டது. காந்தத்தைத் தூக்கினால் காசும் கூடவே வருகிறது. தேய்த்த இடத்தில் கீழே வெள்ளையும் தெரிகிறது.

பசை பற்றி இனிமேல் யாரும் திட்ட வேண்டாம். மூன்று காசுகளைத் தேய்த்தேன், நான்காவதைத் தொடவில்லை.

செம்புக்கிளி

திட்டவில்லை, காரணம் மட்டும் சொல்கிறேன். அடி விழும்போது உலோகம் வழிந்தோடிய நுண்ணிய கோடுகள் காசின் மேற்பரப்பில் இருக்கும். புதிய காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுழல்வது அவற்றால்தான். பசையில் இருக்கும் பொடி அவற்றை மழித்துவிடும். பிறகு எது அச்சின் கோடு, எது உங்கள் விரலின் கோடு என்று யாராலும் சொல்ல முடியாது. பிழை தேடுபவர் முதலில் இழப்பது அந்தச் சாட்சியத்தைத்தான்.

நாணயத்தோழி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் புதியவள். என்னிடம் ஓர் ஆங்கிலேய 20 பென்ஸ் காசு இருக்கிறது. அதில் ஆண்டே இல்லை! தேதியில்லாத 20 பென்ஸ் மிக அரிது என்று கேள்விப்பட்டேன். கேடயத் துண்டு போன்ற வடிவம் உள்ள பக்கத்தில் எங்கும் எண் இல்லை.

செம்புக்கிளி

வாருங்கள். அதே காசைத் திருப்பி அரசியின் தலையைப் பாருங்கள். அங்கே எண் இருக்கிறதா?

நாணயத்தோழி

இருக்கிறது. 2012. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செம்புக்கிளி

வெட்கம் எதற்கு? அந்த அசல் பிழை பிறந்ததே இந்தக் குழப்பத்தில்தான். 2008-இல் பிரிட்டன் தன் சில்லறைக் காசுகளின் பின்பக்கத்தை மாற்றியது. எல்லாக் காசுகளையும் சேர்த்து வைத்தால் ஒரு கேடயம் உருவாகும்படியான வடிவம். அதுவரை 20 பென்ஸில் ஆண்டு பின்பக்கத்தில் இருந்தது. புதிய வடிவத்தில் அங்கே இடமில்லாததால் அரசியின் பக்கத்துக்கு மாற்றினார்கள். நாணயச்சாலையில் யாரோ பழைய அரசி அச்சையும் புதிய கேடய அச்சையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். ஆண்டு இருந்த பழைய பின்பக்கமும் இல்லை, ஆண்டு உள்ள புதிய முன்பக்கமும் இல்லை. பொருந்தாத இரண்டு அச்சுகள் சேர்ந்து அடித்த இப்படிப்பட்ட காசுக்கு மியூல் என்று பெயர், கோவேறு கழுதை. அதிலும் பார்த்தால், அந்த இரண்டு அச்சுகளும் தனித்தனியே எந்தக் குறையும் இல்லாதவை.

பார்வையாளன்7

அதே ரகத்தில் நானும் ஒருமுறை ஏமாந்தேன். 2 யூரோ காசின் விளிம்பில் எழுத்து உண்டு. ஜெர்மன் காசு ஒன்றில் அந்த எழுத்து தலைகீழாக இருந்தது. துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, விளிம்பெழுத்தை முதலிலேயே வில்லையில் பதித்துவிடுகிறார்கள். பிறகு அந்த வில்லை அச்சுக்கு நடுவே எந்தப் பக்கமாக விழும் என்பது அதன் விருப்பம். பாதிக்குப் பாதி தலைகீழாகத்தான் இருக்கும். பிரிட்டனின் பழைய வட்டமான ஒரு பவுண்டும் அப்படியே.

தேய்ந்தவிளிம்பு

விளிம்பில் எழுத்தே இல்லாமல் போனால்தான் பேச்சு. 2007-இல் வந்த வாஷிங்டன் ஒரு டாலர் காசுகள் சில, விளிம்பெழுத்து பதிக்கும் இயந்திரத்துக்குப் போகாமலேயே பைக்குள் போய்விட்டன. ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் அந்த விளிம்பில் இருக்க வேண்டியது. அதனால் ‘கடவுளில்லா டாலர்’ என்று பெயர் வந்தது.

கிராம்கணக்கு

ஒரு நிமிடம். எல்லோரும் சென்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெட்டிக்காரன் முதல் பதிவில் அளவுக்காக வைத்த ஐந்து சென்ட்டை யாராவது பார்த்தீர்களா? இரண்டாவது படத்தைப் பெரிதாக்குங்கள். அந்த ‘உடைந்த ஓரம்’ உடைந்ததுபோல் இல்லை. உள்நோக்கி வளைந்த சுத்தமான வில் அது.

பெட்டிக்காரன்

அதுவா? யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று அதை எடுத்து வைத்தேன்.

பார்வையாளன்7

வெட்டியதுதான். அரமும் வெட்டுக்கத்தரியும் இருந்தால் பத்து நிமிட வேலை. இப்படிப்பட்ட ‘பிழைகள்’ ஆயிரம் பார்த்தாயிற்று. துணி உலர்த்தும் இயந்திரத்தின் இடுக்கில் மாட்டி விளிம்பு சுருண்டது, இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடியில் நசுக்கித் தலைகீழ் எழுத்து உண்டாக்கியது, அமிலத்தில் ஊறவைத்து மெலிந்தது, எல்லாமே ‘நாணயச்சாலைப் பிழை’ என்றுதான் வந்து நிற்கும்.

தேய்ந்தவிளிம்பு

ஐயப்படுவது நல்லதுதான், ஆனால் அது பாதி வேலை. மீதிப் பாதியையும் செய்ய வேண்டும். 1937-இல் டென்வர் நாணயச்சாலை அடித்த, எருமை உருவம் உள்ள ஐந்து சென்ட் காசை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் ஒன்று இல்லாத எருமை. நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதின. அந்த வடுவைப் போக்க அச்சைத் தேய்த்தார்கள். தேய்த்ததில் காலும் போயிற்று. இன்று சாதாரண எருமையின் காலை மழித்து ‘மூன்று கால்’ என்று விற்பவர்கள் உண்டு. எப்படிப் பிடிக்கிறோம்? அசலில் வயிற்றுக்குக் கீழே பொடிப் பொடியான மேட்டுப் புள்ளிகள் வரிசையாக இறங்கும். அவை அந்த அச்சில் இருந்த பள்ளங்கள். மழிப்பவன் காலை எடுத்துவிடலாம், இல்லாத மேட்டை உண்டாக்குவது கடினம்.

கீறலுக்கும் இதே கணக்கு. காசில் கோடு மேடாக இருந்தால் பெரும்பாலும் அச்சில் விரிசலோ கீறலோ. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் வெளியே வாங்கிய அடி.

அடிமேடை

ஐந்து சென்ட் பற்றிக் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வில் நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் வந்திருக்க முடியும்?

நீண்ட தகடு இயந்திரத்துக்குள் போகும். மேலிருந்து துளைப்பான்கள் இறங்கி வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டும். தகடு ஒரு படி முன்னே நகரும், மறுபடி வெட்டும். நகர வேண்டிய தொலைவு குறைந்தால் அடுத்த வெட்டு முந்தைய ஓட்டையின்மேல் ஏறிவிடும். பிறக்கும் வில்லையில் பிறை வடிவக் கடி இருக்கும். பேரில்தான் ‘கிளிப்’, அதாவது வெட்டு; உண்மையில் யாரும் எதையும் கிள்ளி எடுக்கவில்லை. அந்த இடத்தில் உலோகமே இருந்ததில்லை.

அடுத்த கட்டம்தான் முக்கியம். வெட்டிய வில்லையைச் சுழலும் சக்கரத்துக்கும் நிலையான தடத்துக்கும் நடுவே உருட்டி விளிம்பைத் தடிக்க வைப்பார்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நேரத்தில் அழுந்த வேண்டும். கடிபட்ட பக்கம் வரும்போது அங்கே தாங்க ஒன்றும் இல்லை. ஆகவே அதற்கு நேரெதிர்ப் பக்கமும் அழுந்தாமல் போகும். பிறகு அச்சில் அடித்தாலும் அந்த எதிர்ப்பக்கத்தில் விளிம்பு மங்கிப்போயிருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதைச் சொல்வார்கள். எல்லாக் கிளிப்பிலும் வந்தே தீரும் என்பதில்லை, ஆனால் இருந்தால் அது வலுவான சாட்சி. வெளியே அரம் எடுத்தவனுக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பைத் தொடவே தோன்றாது.

இன்னொன்று, கடிக்குப் பக்கத்து எழுத்துகள். அடி விழும்போது உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி வழியும். எழுத்துகள் கடியை நெருங்க நெருங்க மெலிந்து இழுபட்டதுபோல் இருக்கும். வெட்டியெடுத்த காசில் எழுத்து கடைசி வரை தடிமனாக வந்து சட்டென்று அறுந்துவிடும்.

கிராம்கணக்கு

அளவு: பக்கத்தில் உள்ள சென்ட்டை 19 மில்லிமீட்டராக வைத்துக் கணக்கிட்டேன். கடியின் அகலம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர், ஆழம் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து சென்ட்டின் விட்டம் 21.2. அப்படியானால் மொத்தப் பரப்பான 353 சதுர மில்லிமீட்டரில் சுமார் 20 காணவில்லை. 5 கிராம் காசில் அது 0.28 கிராம். தராசில் 4.7-ஐ ஒட்டி வர வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 0.194 கிராம்தான், ஆகவே குறைவு தெளிவாகவே தெரியும்.

ஆனால் எடையை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். வெளியே வெட்டினாலும் எடை அதே அளவு குறையும். எடை சரியாக 5 என்று வந்தால்தான் கதை கெடும்.

செம்புக்கிளி

கடி முன்பக்கத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில், ஆண்டின் அருகே இருக்கிறது. எதிர்ப்பக்கம் பத்து மணி. அங்கே வாசகத்தின் கடைசிச் சொற்கள் இருக்கும், அவற்றுக்கு வெளியே விளிம்பைப் பாருங்கள். அமெரிக்கக் காசை மேலிருந்து கீழாகத் திருப்ப வேண்டும் என்பதால் பின்பக்கத்தில் கடி இரண்டு மணிக்கு வரும், அங்கே மங்க வேண்டிய விளிம்பு எட்டு மணியில், யுனைடெட் என்ற சொல் தொடங்கும் இடத்தில். இரண்டு பக்கமும் மங்கியிருக்க வேண்டும்.

தம்பி, பசை வேண்டாம்.

பெட்டிக்காரன்

தராசு வாங்க இரண்டு நாள் ஆயிற்று, அதனால்தான் தாமதம்.

ஆண்டு 1964. எடை மூன்று முறை வைத்தேன்: 4.72, 4.72, 4.71.

பெட்டியில் வேறொரு ஐந்து சென்ட் இருந்தது; அதைக் கடிக்குள் பொருத்திப் பார்த்தேன். வளைவு ஏறத்தாழ அப்படியே உட்காருகிறது.

1964-இன் 4 மற்ற இலக்கங்களைவிட மெலிந்து, அடிப்பகுதி கடியை நோக்கி இழுபட்டிருக்கிறது. 6 பாதி அப்படி. 1-உம் 9-உம் இயல்பாக இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில் விளிம்பு இல்லை. இல்லை என்றால் தேய்ந்து போயிருக்கிறது என்று பொருள் இல்லை. இரண்டு பக்கமும் விரல் நகத்தால் தடவினால் சுற்றிலும் தட்டுப்படும் மேடு அந்த இடத்தில் மட்டும் தட்டுப்படவில்லை. பின்பக்கத்தில் அது யுனைடெட் மேலேதான். சாய்வான வெளிச்சத்தில் ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன். ஃபிளாஷ் இல்லை.

அடிமேடை

கிளிப்தான். தகடு நகரத் தவறிய காசு.

பார்வையாளன்7

ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படம் நான்கைச் சேமித்துவைத்துக்கொள்ளலாமா? விளிம்பு மறையும் இடம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் படம் என்னிடம் இல்லை.

தேய்ந்தவிளிம்பு

தம்பி, அரிய பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த அளவுக் கிளிப்புகள் நிறையவே உண்டு, 1964-இல் ஐந்து சென்ட்டை மலைமலையாக அடித்தார்கள். ஆனால் அசல். மென்மையான பிவிசி உறையில் போடாதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசின் கசிந்து காசை அரித்துவிடும்.

பெட்டிக்காரன்

காகித உறையில் போட்டு எடையையும் ஆண்டையும் எழுதிவிட்டேன். அந்த 1955 சென்ட்டுக்கும் ஓர் உறை போட்டிருக்கிறேன், ‘அச்சின் மூப்பு’ என்று எழுதி. இனி அளவுக்குப் பக்கத்தில் அதைத்தான் வைக்கப் போகிறேன்.

பெட்டியில் இன்னும் முந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. ‘உடைந்தது’ என்று நானே ஒதுக்கிவைத்த சிறிய பை ஒன்றும் இருக்கிறது. இன்றிரவு முதலில் அதைத்தான் கொட்டப் போகிறேன்.

கிராம்கணக்கு

கொட்டும்போது மெத்தென்ற துணிமேல் கொட்டுங்கள்.